ஆப் திறந்ததும் பாப்-அப்: மதுரைக் கடைக்காரர் பொறுமையைச் சோதிக்கும் தவறுகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். அங்கே மொத்தமாகப் பூ எடுக்கும் கடைக்காரர்களுக்காக ஓர் ஆப் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திறந்ததும் அவருக்கு வேண்டியது இன்றைய மல்லி விலை. அதை மறைத்துக்கொண்டு ‘வரவேற்கிறோம்’ என்று ஐந்து திரைகள் வரிசையாக வந்தால், அவர் எதையும் படிக்கமாட்டார். ‘ஸ்கிப்’ எங்கே என்றுதான் தேடுவார். அதுவும் இல்லாவிட்டால் ஆப்பை மூடிவிட்டுக் கமிஷன் கடைக்கே போன் போட்டுவிடுவார்.

விலைப்பட்டியல் முதலில் வரட்டும். லாகின் கேட்பதை ஆர்டர் போடும்போது வைத்துக்கொள்ளலாம். எடையை மாற்றுவது எப்படி என்ற குறிப்பு, அவர் எடைப் பெட்டியை முதல் தடவை தொடும்போது வந்தால் போதும். இப்படித் திரையின் மேல் எழும் ஒரு பாப்-அப்பில் ஒரே விஷயம், இரண்டு வரி, ஒரு பட்டன்.

அதிகச் சேதம் அனுமதி கேட்பதில்தான் நடக்கிறது. ஐபோனில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை சிஸ்டம் ஒரே ஒரு தடவைதான் கேட்கும். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒருவர் இரண்டு தடவை மறுத்துவிட்டால் அனுமதி கேட்கும் சிஸ்டம் பெட்டி மறுபடி வராது. ஆண்ட்ராய்டு 13-இல் புதிதாக நிறுவும் ஆப்புக்கு, அனுமதி கிடைக்கும்வரை நோட்டிஃபிகேஷனே கிடையாது. இவ்வளவு அருமையான வாய்ப்பைத் திறந்த மறுநொடியே செலவழிப்பது வீண். முதல் ஆர்டர் முடிந்ததும் உங்கள் சொந்தப் பாப்-அப்பில், ‘வண்டி கிளம்பியதும் தகவல் அனுப்பவா?’ என்று கேளுங்கள். ‘சரி’ என்றால் மட்டும் சிஸ்டம் பெட்டியைக் கூப்பிடுங்கள். ‘இப்போது வேண்டாம்’ என்றால் விட்டுவிடுங்கள், வாய்ப்பு கையில் இருக்கும். ஏற்கெனவே மறுத்தவரிடம் அதே பட்டனைக் காட்டினால் அழுத்தியும் ஒன்றும் நடக்காது, ஆப் கெட்டுவிட்டது என்று நினைப்பார். அவருக்கு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து கொடுங்கள்.

ஓடிபிக்காக எல்லா எஸ்எம்எஸ்ஸையும் படிக்க அனுமதி கேட்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் ரிட்ரீவர் ஏபிஐ என்ற வசதி, உங்கள் ஆப்புக்கு வந்த அந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துத் தரும். செய்தியில் உங்கள் ஆப்பை அடையாளம் காட்டும் 11 எழுத்துக் குறியீடு (ஹாஷ்) இருக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: நீங்கள் சோதித்துப் பார்க்கும் பதிப்பின் (டெவலப்மென்ட் பில்ட்) ஹாஷ் வேறு, பிளே ஸ்டோர் கையெழுத்திட்ட பில்டின் ஹாஷ் வேறு. பின்னதை, எஸ்எம்எஸ் வாசகத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கும் டிஎல்டி டெம்ப்ளேட்டிலும் சேர்த்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

தமிழ் எழுத்து வடிவமைப்பைப் பதம் பார்க்கும். ‘ஸ்கிப்’ அளவுக்குப் போட்ட பட்டனில் ‘பிறகு பார்க்கலாம்’ பாதியில் வெட்டுப்படும். வரி உயரத்தை இறுக்கினால் ‘கீ’யின் சுழி மேலே நறுக்கப்படும். பட்டனின் அகலத்தையும் உயரத்தையும் நிலையாக வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை 200% வரை பெரிதாக்கலாம்; அந்த அளவில் ஓட்டிப் பாருங்கள். வாசகம் ஸ்க்ரோல் ஆகட்டும், பட்டன் அடியில் நிலையாக நிற்கட்டும். பூவுக்குத் தண்ணீர் தெளித்த ஈரக்கையோடு தொடுகிறவருக்கு மூலையில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி வைத்தால் படாது. தொடும் பரப்பு, அந்தந்தப் போனின் திரை அளவு அலகில், ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயின்ட் குறையாமல் இருக்க வேண்டும். மொழி கேட்க ஒரு பாப்-அப் தேவையில்லை. போன் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கு முதல் திரையின் மேலேயே மொழி மாற்றும் பட்டன் இருந்தால் போதும்.

‘பார்த்துவிட்டார்’ என்ற குறிப்பைக் கடைசி பட்டனில் பதிந்தால், நடுவில் போன் வந்து ஆப் மூடிக்கொள்ளும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு படியும் திரையில் தோன்றியதுமே பதியுங்கள். அப்டேட் வந்த பழைய வாடிக்கையாளருக்கு வரவேற்புத் திரை காட்டுவது இன்னொரு தொந்தரவு. ஆண்ட்ராய்டில் முதலில் நிறுவிய நேரமும் கடைசி அப்டேட் நேரமும் வேறு என்றால் அவர் பழையவர்.

அம்புக்குறி காட்டும் குறிப்புகளை விலை முழுதும் வந்து சேர்ந்த பிறகே காட்டுங்கள். சிக்னல் மந்தமாக இருந்து பட்டியல் தாமதமாக வந்தால், மல்லிக்குக் காட்டிய அம்பு பிச்சியைச் சுட்டி நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு வந்தவருக்கு அந்தப் பக்கம்தான் முதலில் திறக்க வேண்டும். பேக் பட்டன் பாப்-அப்பை மட்டும் மூட வேண்டும், ஆப்பை அல்ல.

பாப்-அப்களை சர்வரிலிருந்தே நிறுத்தும் வசதி அவசியம். முகூர்த்த நாள் காலையில் புது வசதியை அறிமுகப்படுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், எரிச்சல்தான் மிஞ்சும்.

‘முடித்தவர்கள் இத்தனை பேர்’ என்ற கணக்கு ஏமாற்றும். ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போனவரும் அதில் சேர்ந்துவிடுவார். புதியவர்களில் ஒரு பகுதிக்குப் பாப்-அப் காட்டாமல் விட்டு, இரு தரப்பிலும் முதல் வாரத்தில் ஆர்டர் போட்டவர்களின் விகிதத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்த பாப்-அப்பை எடுத்துவிடலாம்.