பிளைட் போற நேரத்த கிலோமீட்டர வச்சு கணக்கு போடாதீங்க

எங்க தெருவுல யாரு வெளிநாடு கிளம்புனாலும் டிக்கெட்ட தூக்கிட்டு எங்கிட்டதான் வருவாங்க. போன மாசம் பக்கத்து வீட்டு சித்தப்பா வந்தாரு, மக லண்டன்ல இருக்கா. "மதுரைலருந்து 8,300 சொச்சம் கிலோமீட்டர்னு போன்ல காட்டுது, பிளைட்டு 900 ஸ்பீடுல போகும், அப்ப ஒம்போதே கால் மணி நேரம்தானப்பா"ன்னாரு. சித்திக்கு எத்தன வேளைக்கு புளியோதரை கட்டணும்னு தெரியணுமாம்.

முதல் தப்பே இதான். போன் காட்டுறது நேர்கோட்டு தூரம், நம்மூர்லருந்து லண்டனுக்கு நேரடி பிளைட்டு கிடையாது, சென்னையோ துபாயோ போய்த்தான் மாறணும். நேரடியா போற பிளைட்டும் அந்த கோட்டுல போகாது, சண்டை நடக்குற நாடு, மூடி வச்ச வான்வெளின்னு சுத்தித்தான் போகும். சென்னை-லண்டன் மட்டுமே 11 மணி நேரம்கிட்ட ஆகும்.

அடுத்தது காத்து. மேல 35,000 அடில மேற்குலருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு பெருங்காத்து அடிக்கும், அதனால லண்டன் போறப்ப லேட்டு, திரும்பி வர்றப்ப சீக்கிரம். 2016ல ஏர் இந்தியா டெல்லி-சான் பிரான்சிஸ்கோ பிளைட்ட அட்லாண்டிக் பக்கம் விட்டுட்டு பசிபிக் பக்கமா திருப்பி விட்டாங்க, தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கூடிருச்சு ஆனா நேரம் ரெண்டு மணி கிட்ட குறைஞ்சுது, காத்து பின்னாடிலருந்து தள்ளுச்சுல்ல!

டிக்கெட்ல போட்டிருக்க நேரத்த அப்படியே கழிக்குறதுதான் எல்லாரும் பண்றது. மதுரைல 12 மணிக்கு ஏறி துபாய்ல 4 மணிக்கு எறங்குனா நாலு மணி நேரம் இல்ல, அஞ்சர. அங்க கடிகாரம் நமக்கு ஒன்றர மணி நேரம் பின்னாடி. லண்டன் இன்னும் மோசம், குளிர்காலத்துல அஞ்சர மணி வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமைலருந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாலரதான்.

ராத்திரி 12க்கு மேல கிளம்புற பிளைட்ட தேதி பாத்து படிங்க தயவுசெஞ்சு. 15ஆம் தேதி 00:40ன்னா 14ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல இருக்கணும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் 15ஆம் தேதி ராத்திரி சாப்டுட்டு பெருங்குடில இருக்க நம்ம மதுரை ஏர்போர்ட்டுக்கு கிளம்புனாரு, பிளைட்டு அவரு தூங்குறப்பவே போயிருச்சு.

அப்புறம் சென்னை பிளைட்டும் லண்டன் பிளைட்டும் தனித்தனி டிக்கெட்டா எடுத்தா, மொதல்ல உள்ளது லேட்டாகி ரெண்டாவத விட்டா காசு போச்சு. பெட்டிய எடுத்து திரும்ப போடணும், மூணு மணி நேரம் முன்னாடி கவுன்டர்ல நிக்கணும், நாலஞ்சு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

சித்தப்பாவுக்கு கடைசியா கணக்கு போட்டேன், வீட்ட விட்டு சாயங்காலம் ஆறு, சென்னைல காலைல அஞ்சு மணிக்கு ஏறி, லண்டன்ல எறங்குனா இமிகிரேஷன் வரிசை, பெட்டி, அப்புறம் கார்ல ஒரு மணி நேரம், எல்லாம் சேத்து 25 மணி நேரம், அதுல பறக்குறது பன்னெண்டேகாலுதான். சித்திக்கிட்ட மூணு வேளைக்கு கட்டச் சொல்லிட்டேன்.