ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை அமெரிக்காவுக்குக் கொண்டு செல்வோர் கவனத்துக்கு

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயரும் குடும்பத்தினர், வீட்டில் வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியையும் உடன் கொண்டு செல்ல விரும்பினால், விமான டிக்கெட் எடுப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அனுமதிகளுக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இனப் பாதுகாப்பை ஒரு துறையும் நோய்த்தடுப்பை வேறொரு துறையும் கவனிக்கின்றன. ஒன்றில் பெற்ற அனுமதி மற்றதில் செல்லாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றுதான். குஞ்சுப் பருவத்தில் மாட்டப்பட்ட மூட்டில்லாத கால் வளையத்தின் எண் அல்லது மைக்ரோசிப் எண், வாங்கிய ரசீது, பண்ணையில் பிறந்ததற்கான ஆவணம் ஆகியவற்றில் ஒரே எண் ஒரே விதமாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அது வேறொரு பறவைக்குரிய காகிதமாகவே கருதப்படும்.

அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் 2016 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டு முடிவின்படி, சாம்பல் கிளி 2017 ஜனவரியிலிருந்து அதன் முதலாம் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள பட்டியலில், உள்ளது. இந்த இணைப்பில் உள்ள உயிரினங்களுக்குச் செல்லும் நாட்டின் இறக்குமதி அனுமதி முதலில் கிடைக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே புறப்படும் நாடு ஏற்றுமதி அனுமதி வழங்கும் என்பது பொது விதி. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அமெரிக்காவில் இதற்கான விண்ணப்பம் மீன் மற்றும் வனவுயிர்ச் சேவைத் துறைக்குச் செல்கிறது. 1992-ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டப்படி, குறைந்தது ஓராண்டு தொடர்ந்து அமெரிக்காவுக்கு வெளியே வசித்தவர், ஓராண்டில் இரண்டு செல்லப் பறவைகள் வரை கொண்டு வர விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வசித்ததற்கான ஆதாரங்களையும் அதனால் சேர்த்தே அனுப்ப வேண்டும். பட்ஜரிகர், காக்கட்டீல் போன்ற சிறு கிளி வகைகள் சைட்டீஸ் பட்டியலில் இல்லாததால் அவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. நோய்த்தடுப்பு விதிகள் மட்டும் அப்படியே பொருந்தும்.

நோய்த்தடுப்பு அமெரிக்க வேளாண் துறையின் பொறுப்பு. அத்துறையின் இறக்குமதி அனுமதியுடன், நியூயார்க் அல்லது மயாமியில் உள்ள அதன் நிலையத்தில் 30 நாள் தனிமைப்படுத்தலுக்கு இடமும் முன்பதிவு செய்ய வேண்டும், செலவு உரிமையாளருடையது. விமானப் பயணத் தேதியை அந்த இடம் கிடைக்கும் நாளை வைத்தே தீர்மானிப்பது நல்லது. அங்கே பறவைக் காய்ச்சலுக்கும், நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் நோய்க்கும் பரிசோதனை நடக்கும். உரிமையாளருக்கு இந்த 30 நாள் பெரும் வேதனைதான். ஆனால் இந்த ஏற்பாடு வீணானதல்ல. 2005 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், இறக்குமதியான பறவைகளிடம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி தனிமைப்படுத்தும் இடத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது.

புறப்படும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் வழங்கும் உடல்நலச் சான்றிதழ், பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். இதற்கு வெகு முன்னதாகவே பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரிடம் கிளிக்காய்ச்சலுக்கான பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. கிளமிடியா கிருமியால் வரும் இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. பறவைக்கு வழக்கமாக 45 நாட்கள் வரை டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுக்க வேண்டியிருப்பதால், கடைசி மாதத்தில் தெரியவந்தால் பயணமே தள்ளிப்போகும்.

கூண்டு, பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளுக்குப் பொருந்த வேண்டும். பறவை இறுகப் பற்றி உட்காரும் அளவுக்கு உறுதியான மரக்கொம்பு, வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தீனி, தண்ணீர்க் கிண்ணங்கள், காற்றுத் துளைகளின் மேல் மெல்லிய துணி ஆகியவை தேவை. கிண்ணத்துத் தண்ணீர் சிந்திவிட்டாலும் தாகம் தீர, தீனியோடு நறுக்கிய ஆப்பிளையும் வைக்கலாம். அந்தக் கூண்டுக்குள் சில வாரங்கள் முன்பிருந்தே பறவையைப் பழக்குவது, அது பயத்தில் இறகைப் பிடுங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் குறைக்கும். வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால், அந்த நாட்டின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நேரடி விமானம் கிடைத்தால் கட்டணம் கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

புறப்படும் விமான நிலையத்தில் பறவையை ஒப்படைத்ததும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடக் கூடாது. சைட்டீஸ் ஏற்றுமதி அனுமதியில் இதற்கென உள்ள கட்டத்தில், உண்மையில் அனுப்பப்படும் பறவைகளின் எண்ணிக்கையை எழுதி, அதிகாரி கையொப்பமும் முத்திரையும் இட வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், மற்ற எல்லாக் காகிதங்களும் சரியாக இருந்தும் இறங்கும் இடத்தில் அனுமதி மறுக்கப்படலாம். நகலை ஏற்க மாட்டார்கள் என்பதால், முத்திரையிட்ட அசல் பறவையோடு செல்வதை உறுதி செய்துகொண்டு, நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.