டர்பன் கொல்லைப்புறக் கோழிகள்: நோயும் கெட்ட பழக்கமும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

கோழி தன் நோவை மறைத்துக்கொண்டு நடமாடும் பறவை. தளர்ந்து நிற்பதை மற்றவை கொத்தி ஒதுக்கிவிடும் என்பதால், கால் ஊன்ற முடியும் வரையில் அது நலமாக இருப்பதைப் போலவே தீவனத் தட்டைச் சுற்றி வரும். நம் கண்ணில் படும்போது நோய் சில நாட்கள் முதிர்ந்திருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கோழிகளை வளர்க்கும் நம்மவர்களில் பலர், கோழி சோர்ந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். என் அனுபவத்தில், மருந்துக்கு முன்பாகக் கூட்டையும் தீவனத்தையும் பருவத்தையும் பார்த்தவர்களின் கோழிகளே பிழைத்திருக்கின்றன. கடந்த பத்து நாட்களில் எது மாறியது என்பதே முதற்கேள்வி: புதிய தீவன மூட்டையா, புதிய கோழியா, தொடர்மழையா?

வாரம் ஒருமுறை, இருட்டி, கோழிகள் கம்பில் ஏறி அடைந்த பிறகு, ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அந்நேரத்தில் அவை திமிறுவதில்லை. கழுத்தடியிலுள்ள தீனிப்பை இரவில் நிறைந்தும் விடியற்காலையில் காலியாகவும் இருக்க வேண்டும். காலையிலும் அது கல்லாக இருந்தால் நார்ப்புல் அடைத்திருக்கிறது, தண்ணீர்ப் பை போலத் தளும்பிப் புளித்த நாற்றம் வீசினால் உள்ளே தீவனம் புளித்துவிட்டது. மார்பெலும்பைத் தடவினால் கத்தி முனை போலத் துருத்தக்கூடாது. எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகின் அடியில் பேனும் அதன் வெள்ளை முட்டைக் கொத்தும் இருக்கின்றனவா என்று விலக்கிப் பார்க்க வேண்டும். பிறகு கோழியைக் காதருகே வைத்துக் கேட்டால், மூச்சில் கரகரப்போ சீழ்க்கையோ இருப்பது பகலில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

அடுத்து, பருவம். தமிழ்நாட்டுக் கோழி வளர்ப்பு நூல்கள் சொல்லும் மாதங்களை இங்கே அப்படியே பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும். நம்முடைய கோடை டிசம்பரில் வருகிறது. ஜூன் 21 அளவில் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்றே மேல் என்று சுருங்கிவிடுகிறது. முழு அளவில் முட்டையிடுவதற்குக் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் வேண்டும்; பகல் சுருங்கச் சுருங்க முட்டை குறையும். ஆகவே மார்ச்சு முதல் மே வரையில் பகல் குறையும்போது கோழிகள் இறகு உதிர்த்து, முட்டையை நிறுத்தி, கழுத்தும் வாலும் மொட்டையாகக் காட்சியளித்தால் அது நோயன்று. இரண்டு மூன்று மாதங்களில் புதிய இறகு முளைத்துவிடும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனதாகையால், அந்நாட்களில் வெறும் மீலியை, அதாவது மக்காச்சோளத்தை, தூவுவதை விட்டு முட்டைக்கோழித் தீவனத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும். விளக்கு போட்டு முட்டையிட வைப்பவர்களும் உண்டு. ஆண்டு முழுவதும் உழைத்த கோழிக்கு அந்த ஓய்வைத் தருவதே முறை என்பது என் கருத்து. ஆனால் தோல் சிவந்து, முளைத்த இறகு ஒடிந்திருந்தால் அது இறகுதிர்ப்பன்று, பேனோ கொத்தலோ ஆகும்.

புரட்டாசியில் முட்டை தின்னும் பழக்கம்

இது நம் வீடுகளுக்கே உரிய தொல்லை. புரட்டாசி நோன்பு செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. இங்கே அது வசந்த காலம். பகல் நீண்டு, கோழிகள் ஆண்டிலேயே அதிகமாக முட்டையிடும் நேரம். அந்த மாதத்தில் வீட்டில் யாரும் முட்டையைத் தொடாததால், எடுப்பாரின்றிக் கூட்டில் எட்டும் பத்துமாகக் குவிகிறது. குவிந்த முட்டையில் ஒன்று மிதிபட்டு உடைகிறது. ஒரு கோழி சுவை பார்க்கிறது. ஒரே வாரத்தில் நான்கு கோழிகள் கற்றுக்கொள்கின்றன. அதே குவியல் மற்றொரு கோழியை அடைக்கு உட்கார வைத்துவிடுகிறது.

நோன்பு இருந்தாலும் நாளுக்கு இருமுறை முட்டையை எடுத்து, அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டியாவது இருக்க வேண்டும். முகப்பில் சாக்குத் துணியைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கினால், கோழி இடுவதோடு எழுந்துவிடும், கொத்துவதில்லை. பெட்டியில் ஒரு மர முட்டையோ வெள்ளைக் கோல்ஃப் பந்தோ கிடந்தால், கொத்திக் கொத்திப் பயனின்றிச் சில கோழிகள் பழக்கத்தை விட்டுவிடும். தோல்முட்டையும் மெல்லிய ஓடும் தெரிந்தால் சுண்ணச்சத்துக் குறைவு. ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது, அதை மீலியிலிருந்து கோழியால் பெற முடியாது. நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானது தானே எடுத்துக்கொள்ளும். வளரும் குஞ்சுகளுக்கு மட்டும் முட்டைக்கோழித் தீவனம் கூடாது. அதிலுள்ள மிகுதியான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டை குறைந்தவுடன் கோழியின் மேல் பழி போடுவதற்கு முன் பெட்டியைப் பார்க்க வேண்டும். வைக்கோலில் மஞ்சட்கரு ஒட்டி, ஒரு கோழியின் அலகிலும் காய்ந்திருந்தால் திருடி உள்ளேதான் இருக்கிறாள். தடயமே இல்லாமல் முழு முட்டை மறைந்தால் உடும்போ பாம்போ எலியோ வந்திருக்கலாம். பட்டப்பகலில் மறைந்து கூரையில் ஓடு கிடந்தால் குரங்கு. நம் பகுதிக் குரங்குகள் கூட்டுக் கதவின் எளிய கொக்கியைத் திறக்கக் கற்றவை, ஆகவே பூட்டுதான் வேண்டும்.

அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தண்ணீரில் முக்கும் பழைய வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அடியில் கம்பிவலை போட்ட கூண்டைச் செங்கல்லின் மேல் உயர்த்தி, வைக்கோலில்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாட்கள் அதில் விட்டால், வயிற்றடியில் காற்றுப் பட்டு அந்தச் சூடு தணிந்துவிடும். விட்டுவிட்டால் 21 நாட்களுக்கு மேலும் வெறுங்கூட்டில் கிடந்து மெலிந்துபோகும்.

புதிய கோழி கொண்டுவரும் நோய்

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில், தெருவோரத்தில் பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் கூண்டு கூண்டாக உயிர்க்கோழி விற்கிறார்கள். பூசைக்கு வாங்கியதில் மீந்த ஒன்றை, பாவம் என்று வீட்டுக் கூட்டத்தில் விட்டுவிடுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியே ஒரு பெட்டைக் கோழியை விட்டேன். ஐந்தாம் நாள் அது பச்சையாகக் கழிந்தது. அடுத்த வாரத்துக்குள் கழுத்து முறுகிய நிலையில் என் ஏழு கோழிகள் செத்தன. அன்றிலிருந்து எவர் கொடுத்த கோழியும் முப்பது நாட்கள் கொல்லையின் மறுகோடியில், தனித் தட்டோடு, தனிச் செருப்போடுதான் இருக்கிறது. முதலில் நம் கோழிகளுக்குத் தீவனம், கடைசியில் புதியதற்கு.

வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் நியூகாசில் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. குப்பி பெரும்பாலும் ஆயிரம் கோழிக்கானதாக வருவதால், ஒரே தெருவில் வளர்ப்பவர்கள் ஒரே நாளில் சேர்ந்து வாங்குவது நல்லது. கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். குடிநீரில் கலக்கும்போது பலர் செய்யும் தவறு குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது; அதிலுள்ள குளோரின், உயிருள்ள தடுப்புமருந்தைக் கொன்றுவிடும். லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து, சற்று நேரம் விட்ட பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். கோழிகளை அதற்கு முன் ஓரிரு மணி நேரம் தண்ணீரின்றி வைத்து, கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கச் செய்ய வேண்டும். சில கோழிகளே இருந்தால் கண்ணில் ஒரு சொட்டு விடுவது இன்னும் நம்பகமானது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும்.

நியூகாசிலும் பறவைக் காய்ச்சலும் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். பத்துக் கோழிதானே என்று மறைக்கக்கூடாது. 2017 இல் இந்நாட்டுப் பண்ணைகளில் புகுந்த எச்5என்8 என்ற பறவைக் காய்ச்சல் வகை, 2023 இல் கோடைக்கு முன் முட்டையே கிடைக்காமல் செய்த பறவைக் காய்ச்சல் இரண்டையும் நாம் பார்த்தோம். திடீரென்று இரண்டு மூன்று கோழிகள் சேர்ந்து சாவது, கொண்டை நீலமாவது, முகம் வீங்குவது ஆகியவை தெரிந்தால் கோழிகளை வெளியே விடாமல், எவருக்கும் விற்காமல், உடனே அழைக்க வேண்டும்.

மழைக்காலக் கோடை

அக்டோபர் முதல் மார்ச்சு வரையிலான ஈரப்புழுக்கமே நம் கூட்டின் பெரும்பகை. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்து, குவிந்து நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக்கழிச்சல். அன்றே ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கொடுக்க வேண்டும். அது பி1 வைட்டமினைத் தடுத்துக் கிருமியைப் பட்டினி போடும் மருந்தாதலால், அதே நாட்களில் வைட்டமின் கலவை கொடுத்தால் பயன் கெடும். ஈரமான தரைத் தூளை அள்ளி எறியாமல் மருந்து மட்டும் கொடுத்தால் மறுவாரம் நோய் திரும்பிவிடும்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருத்த பொருக்கு வந்தால் அம்மை, கொசுவால் பரவுகிறது. பொருக்கைப் பிய்க்கக்கூடாது, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானே உதிரும். ஆனால் வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டினால் மூச்சடைக்கும், அப்போது மருத்துவர் வேண்டும். பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதே மலிவான தடுப்பு.

சிவப்பு உண்ணி பகலில் கோழி மேல் இருப்பதில்லை. கம்பின் இடுக்கில் ஒளிந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் சிவப்புக் கீறல் தெரியும். கோழிக்கு மட்டும் பொடி தூவிப் பயனில்லை. கம்பையும் இடுக்கையும் கொதிநீரால் கழுவி, மருந்தடித்து, வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடுமாதலால் ஏழாம் நாள் மீண்டும் அடிக்க வேண்டும். பேனுக்கோ கோழியின் மேலேயே மருந்து, பத்தாம் நாள் மறுமுறை. சாம்பலும் உலர்மணலும் கலந்த குளியல் குழி எப்போதும் இருக்கட்டும். சிலர் வேப்பிலை என்று நினைத்துக் கூட்டில் போடுவது இங்கே சிரிங்கா என்று வழங்கும் மரத்தின் இலை. அதன் கனி நச்சுத் தன்மையுடையது, அதை நம்ப வேண்டாம். கொல்லையில் அவகாடோ மரம் இருந்தால் இலையும் தோலும் கொட்டையும் கோழிக்கு எட்டக்கூடாது. பூஞ்சை பிடித்த மீலியைக் கழுவிப் போடுவதும் ஆபத்து. நஞ்சு கழுவினால் போகாது.

ஒன்றையொன்று கொத்துவது இடநெருக்கடியின் மொழி. கூட்டுக்குள் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது வேண்டும். தீவனத் தட்டு இரண்டு இடத்தில் இருந்தால், மற்றவை அடக்கிவைக்கும் கோழிக்கும் வயிறு நிரம்பும். இரத்தம் கண்ட கோழியை அந்நொடியே பிரிக்க வேண்டும், சிவப்பைக் கண்டால் மற்றவை நிறுத்துவதில்லை. சிராய்ப்புக்கு மஞ்சள் பற்று போதும், ஆழ்ந்த புண்ணுக்கு உப்புநீரில் கழுவி அயோடின் தடவ வேண்டும். கொத்தும் கோழியைத்தான் சில நாட்கள் தனியே அடைக்க வேண்டும். அது திரும்பும்போது, யார் யாரை அடக்குவது என்ற கூட்டத்தின் வரிசையில் கீழே சேரும்.

பண்ணைக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை ஊகத்தின் பேரில் கொடுப்பதை மட்டும் கைவிட வேண்டும். அந்த முட்டையை நம் பிள்ளைகள் உண்கிறார்கள். மருந்தின் உறையில் குறித்த நாட்கள் வரையில் முட்டையை எறியத்தான் வேண்டும். காரணம் தெரியாமல் கோழி செத்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள ஆலர்ட்டன் மாகாணக் கால்நடை ஆய்வகத்தை முதலில் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, கையுறை அணிந்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, உறைய வைக்காமல் ஐஸில் குளிர்வித்து, மறுநாளுக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். உறைந்த உடலில் திசுக்கள் சிதைந்து, ஆய்வாளர் பார்க்க வேண்டியது மறைந்துவிடும்.