கிராண்ட் கேன்யனில் இறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலையில் எந்த நாளானாலும் சரி, காலை பதினொரு மணிக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள இந்த ஆழமான பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையின் தொடக்கத்தில் நின்றால் அதே காட்சிதான். கையில் அரை லிட்டர் பாட்டில், காலில் ரப்பர் செருப்பு, "கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்ற பேச்சு. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு இறங்கும் நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. தொப்பி, சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விடுவதை மட்டும் இங்கே பார்ப்போம்.

வெஸ்ட் ரிம்மைத் தேசியப் பூங்கா என்று நினைப்பது

கண்ணாடிப் பாலமான ஸ்கைவாக் இருப்பது வெஸ்ட் ரிம் என்னும் மேற்கு விளிம்பில். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது, தனிக் கட்டணம். லாஸ் வேகாஸிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம் என்பதால் பலரும் அங்கேயே போய், "கிராண்ட் கேன்யன் பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் சௌத் ரிம், அதாவது தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு, வேறு இடம். வேகாஸிலிருந்து சுமார் 280 மைல், நான்கரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஒன்பது மணி நேரம் காரிலேயே கழியும். மாலை வெயில் சாய்ந்து பாறை அடுக்குகள் சிவக்கத் தொடங்கும் வேளையில் கிளம்ப வேண்டிவரும். சௌத் ரிம் வழியிலுள்ள ஊர்களான டுசாயனிலோ வில்லியம்ஸிலோ ஓர் இரவு தங்குங்கள்.

இறக்கம் சுலபமாக இருக்கிறதே என்று இறங்கிக்கொண்டே போவது

எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தும் தீராத தவறு இது.

பர்வதமலை ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும்போதே தன் தெம்பு தெரிந்துவிடும். முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். திரும்பும் வழி இறக்கம்தான். கேன்யனில் எல்லாம் தலைகீழ். களைப்பில்லாத கால்களோடு இறக்கத்தில் தொடங்குகிறோம். பிரைட் ஏஞ்சல் பாதையில் 1.5 மைலில் முதல் ஓய்வுக் கொட்டகை சீக்கிரமே வந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று 3 மைல் கொட்டகைக்குப் போவார்கள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், கிளம்பிய இடம் ஏறத்தாழ 2,100 அடி மேலே இருக்கும். கால் தளர்ந்த பிறகு, உச்சி வெயிலில், அத்தனையையும் ஏறியாக வேண்டும். இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள்.

வெப்பமும் தலைகீழ்தான். சௌத் ரிம் சுமார் 7,000 அடி, கிட்டத்தட்ட கொடைக்கானலின் உயரம். ஜூலைப் பகலில் விளிம்பில் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால், கீழே ஆற்றருகே 41 இருக்கும். அதையும் தாண்டும் நாட்கள் பல.

"சென்னை வெயிலையே பார்த்தவங்க நாங்க" என்று சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. சென்னையில் சட்டை தொப்பலாக நனைந்து நம்மை எச்சரிக்கும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். நெற்றியைத் தடவினால் விரலில் உப்பு நெருநெருக்கும், சட்டை முதுகில் வெள்ளைக் கோடு படியும். வியர்க்கவே இல்லை என்று நினைப்பவரின் உடம்பிலிருந்து அதற்குள் லிட்டர் கணக்கில் நீர் போயிருக்கும்.

அதற்குப் பயந்து வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது அடுத்த ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம் வரும். நாவறட்சி என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை முற்றும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போதும். கூடவே அடிக்கடி உப்புள்ள தீனி வேண்டும். முறுக்கும் வறுத்த உப்புக்கடலையும் புளியோதரையும் இதற்கு அருமையான துணை.

கோடையில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவே ஏற்றத்தில் இருக்கக் கூடாது. விடியும்போது இறங்கி, 10 மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே நின்றாலும் திரும்புங்கள். வழியிலுள்ள இரண்டு கொட்டகைகளின் குழாய்களும் குளிர்காலத்தில் மூடப்படும். மெயின் குழாய் உடைந்தால் கோடையிலும் தண்ணீர் வராது. அன்று காலையே பார்வையாளர் மையத்தில் கேட்டுவிடுங்கள். சௌத் ரிம்மிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான சௌத் கைபாப்பில் தண்ணீரே கிடையாது. முதல் தடவை போகிறவர்களுக்கு அதில் 0.9 மைலில் வரும் ஊ ஆ பாயின்ட் போதும். காட்சிக்குக் குறைவே இல்லை. ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றே திரும்பும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

முடியாவிட்டால் ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போகும் என்பதும் தவறான கணக்கு. வெறும் களைப்புக்கு அது வராது. நிழலில் உட்காரவைத்து, தலையையும் சட்டையையும் நனைத்து, உப்புத் தீனி கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் மெல்ல நடத்தியே ஏற்றுவார்கள். அந்த இருட்டுக்குத் தலையில் கட்டும் டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும்.

கோவேறு கழுதைகளுக்கு வழிவிடும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவது

மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி, அசையாமல் நில்லுங்கள். கடைசிக் கழுதை 50 அடி தாண்டிய பிறகு நகருங்கள்.

அணிலுக்குத் தீனி

போடாதீர்கள். கடிக்கும்.

"நார்த் ரிம் எதிரேதானே இருக்கு"

பறவைக்குப் பத்து மைல். காருக்கு 200 மைலுக்கு மேல், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். குளிர்காலத்தில் சாலை மூடியிருக்கும். அங்கிருந்த பழைய லாட்ஜும் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. என்ன திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகே திட்டத்தில் சேருங்கள்.

கடிகாரத்தை நம்புவது

அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் மாற்றுகிறார்கள். அதனால் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை, நவாஹோ நிலத்திலுள்ள மான்யுமென்ட் வேலி ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்; அந்த நிலத்தை ஒட்டியுள்ள பேஜ் நகரம் அரிசோனா நேரப்படி நடக்கும். எல்லையருகே போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். போனில் நேரத்தைத் தானாக மாறாதபடி வைத்துவிட்டு, டூர் பதிவு செய்யும்போதே எந்த நேரப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.