"இந்த வயசுல கத்தி வைக்கணுமா?": இடுப்பு எலும்பு உடைந்தால் வீட்டில் செய்கிற தவறுகள்

என் பெரியம்மாவுக்கு அப்போது 79 வயது. விடியற்காலை நாலு மணிக்குப் பாத்ரூம் போய்விட்டுத் திரும்பும்போது கால்மிதி சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எலும்பு வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ் யாராவது இருந்திருந்தால், தூரத்தில் நின்றே இடுப்பு உடைந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார். எங்களுக்குத் தெரியவில்லை. சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். மூன்று நாள் தேய்த்தோம்.

தேய்ப்பதும் இழுத்துவிடுவதும், விலகாமல் இருந்த முறிவைக்கூட விலக்கிவிடலாம். கட்டு வைத்தியரிடம் போகலாமா என்ற பேச்சும் எங்கள் வீட்டில் வந்தது. கை உடைந்தால் பத்தை வைத்துக் கட்டி அசையாமல் வைக்கலாம். இடுப்பு மூட்டோ சதைக்குள் ஆழமாக இருக்கிறது. வெளியே போடுகிற எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. சிலருக்கு உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிடும். அவர்கள் நொண்டிக்கொண்டு நடக்கவும் செய்வார்கள், வலி முழங்காலில் என்பார்கள், முதல் எக்ஸ்ரேயில் கோடு தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருந்தும் காலை ஊன்ற முடியவில்லை என்றால், எம்ஆர்ஐ தேவையா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒருவழியாகப் படம் எடுத்து, "ராடு வைக்கணும்" என்றார் டாக்டர். மாமா உடனே, "எழுபத்தொன்பது வயசுல கத்தி வைக்கணுமா? படுக்க வச்சே பாத்துக்கலாமே" என்றார். அன்பில் சொன்னதுதான். ஆனால் ஆபரேஷன் ஆபத்து, படுக்கை பத்திரம் என்று போடுகிற இந்தக் கணக்குதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய். புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடக்கிற முதியவருக்கு நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும், சிறுநீர்த் தொற்று வரும். ஒரு காலத்தில் எல்லோருக்கும் இந்தக் கதிதான். பாஸ்டனைச் சேர்ந்த எலும்பு டாக்டர் ஸ்மித்-பீட்டர்சன் எலும்பின் கழுத்துக்குள் அடிக்கிற ஆணியைப் பற்றி 1931-இல் எழுதிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இன்றைக்கும் இது லேசான விஷயம் அல்ல. இடுப்பு உடைந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. அதனால்தான் சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கத் துடிக்கிறார்கள். ஏற்கெனவே நடக்காமல் இருந்தவருக்குக்கூடப் பெரும்பாலும் ஆபரேஷனைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் வலி. உடைந்த இடம் அசைந்துகொண்டிருந்தால் துணி மாற்றுவதே சித்திரவதை. கடைசி நாட்களில் இருப்பவர், மயக்க மருந்தைத் தாங்கவே முடியாதவர் என்று சிலருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்ற முடிவு சரியாக இருக்கலாம். அதை டாக்டரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டும். யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தியதால் அந்த முடிவு தானாக வந்து சேரக்கூடாது.

நாங்கள் கடத்தினோம். துபாயில் இருந்த அண்ணன் வரட்டும் என்று ஒரு நாள், பிரஷர் குறையட்டும் என்று இன்னொரு நாள். பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷனை முடிக்கச் சொல்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 3,000 பேரை வைத்து நடந்த ஹிப் அட்டாக் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. முறிவு உறுதியான ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யப் பார்த்த குழுவையும், வழக்கமான வேகத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு நாளில், செய்த குழுவையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக வந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். ரத்தசோகை, உப்புச்சத்துக் குறைவு, கட்டுக்கடங்காத சர்க்கரை, நெஞ்சில் நீர் கோர்த்தல் போன்றவற்றைச் சரிசெய்யத்தான் வேண்டும். அதை மணிக்கணக்கில் செய்யப் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரினுக்காக யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில்லை. வேறு சில மருந்துகளுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், காலில் எடை கட்டித் தொங்கவிடும் பழக்கம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அது வலியைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தொடை மடிப்புக்குக் கிட்டே போடுகிற நரம்பு மரப்பு ஊசி நன்றாகவே குறைக்கும். அது கிடைக்குமா என்று கேளுங்கள்.

எங்களைப் போலவே நிறைய பேர் குழம்புகிற இடம் அடுத்தது. "எதிர்வீட்டு அம்மாவுக்குப் பந்து மாத்தினாங்க, நமக்கு மட்டும் ஏன் ராடு?" காசு பிடுங்கும் வேலையோ என்றுகூடச் சந்தேகப்பட்டோம். காரணம் வேறு. இடுப்பு உடைந்தது என்று நாம் சொல்வது தொடை எலும்பின் மேல்முனை உடைவதைத்தான். அதை ஒரு கிளையில் காம்போடு தொங்கும் காயாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக் கிண்ணத்துக்குள் உருளும் பந்துதான் காய். அதைத் தாங்கும் கழுத்து, காம்பு. பந்துக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் இந்தக் காம்பின்மேல் ஏறித்தான் போகிறது. கழுத்து உடைந்து விலகிவிட்டால் ரத்த ஓட்டம் அறுந்து, காம்பொடிந்த காய் வாடுவதுபோல் பந்து செத்துப்போகலாம். எலும்பும் சேராமல் போகலாம். அதனால்தான் வயதானவர்களுக்குப் பந்தையே மாற்றுகிறார்கள். கழுத்து உடைந்தும் விலகவில்லை என்றால், சின்னத் துளை வழியாக மூன்று ஸ்க்ரூ போட்டு நிறுத்துவது உண்டு.

உடைந்தது காம்புக்குக் கீழே, கிளைப் பக்கம் என்றால் கதையே வேறு. அங்கே ரத்த ஓட்டம் தாராளம். அசையாமல் பிடித்துக்கொடுத்தால் எலும்பு சேர்ந்துவிடும். பந்தை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. துண்டுகள் சிதறாமல் நின்றால் பெரிய ஸ்க்ரூவும் பக்கவாட்டுப் பிளேட்டும் போதும். துண்டு துண்டாக நொறுங்கியிருந்தாலோ, கோடு தலைகீழ்ச் சாய்வாக ஓடினாலோ, முறிவு இன்னும் கீழே இறங்கியிருந்தாலோ எலும்பின் உள்ளே நீள ராடு இறக்குவார்கள். பெரியம்மாவுக்கு நொறுங்கித்தான் இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் மூன்று துண்டுகளைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஆகவே, எங்கே உடைந்திருக்கிறது, விலகியிருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பில் பற்றிய பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பந்து மாற்றுவது என்று முடிவானாலும் ஒரு கேள்வி பாக்கி: பந்து மட்டுமா, கிண்ணமும் சேர்த்தா? முழுசாக மாற்றினால்தான் நல்லது என்று நினைப்பது இயல்பு. 50 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 1,500 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான, 'ஹெல்த்' என்று பெயரிட்ட ஆய்வில், இரண்டாண்டுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள், பந்து மட்டும் மாற்றியவர்களிலும் கிண்ணமும் சேர்த்து மாற்றியவர்களிலும் ஏறக்குறைய சமம், சுமார் 8 சதவீதம். விழும் முன்பு கடைகண்ணிக்குத் தானே போய்வந்தவர், ஞாபகம் தெளிவாக இருப்பவர், மூட்டுத் தேய்மானம் ஏற்கெனவே உள்ளவர் என்றால் முழு மாற்று யோசிக்கத் தகுந்தது. வீட்டுக்குள்ளேயே தடி ஊன்றி நடந்தவருக்குப் பாதி மாற்றே போதும். ஆபரேஷன் நேரமும் குறைவு, பந்து நழுவும் அபாயமும் குறைவு. செயற்கைப் பந்தின் தண்டை எலும்புக்குள் பிடித்து நிறுத்தும் சிமென்ட் என்றதும் முகம் சுளிப்பவர்களும் உண்டு. வயதானவர்களின் மெலிந்த எலும்பில் சிமென்ட் வைத்துப் பொருத்துவதுதான் பெரும்பாலும் நல்லது. 2022-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், பொருத்திய தண்டைச் சுற்றி எலும்பு மறுபடி உடைந்தது சிமென்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதம், வைக்காதவர்களில் 2.1 சதவீதம்.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்று சண்டை போட வேண்டாம். 1,600 பேரை வைத்து நடந்த ஆய்வில் இரண்டு மாதத்துக்குப் பிறகு இரு குழுவும் ஒரே நிலையில்தான் இருந்தன. மயக்க மருந்து டாக்டரிடம் விட்டுவிடுங்கள். காப்பீட்டு அட்டையை மட்டும் சேர்க்கும்போதே காட்டிவிடுங்கள். தமிழக முதலமைச்சரின் திட்டமோ, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024-இல் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையோ, எதுவானாலும் முன் அனுமதி வாங்க நேரம் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை பிசியோதெரபி தம்பி வாக்கரோடு வந்து நின்றார். "தையல் பிரிஞ்சிரும்பா, ரெண்டு வாரம் போகட்டும்" என்று நாங்கள் தடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "பாட்டி எந்திரிச்சு நிக்கத்தான் இவ்வளவும் பண்ணுனோம்" என்றார். நியாயம்தானே? டாக்டர் தனியாக வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, மறுநாளே காலை ஊன்றி நிற்க வைப்பதுதான் முறை. நாங்கள் கஞ்சியும் ரசம் சாதமுமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததும் தப்பு. புண் ஆறவும் தசை தேறவும் முட்டை, பருப்பு, மீன், பால் வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி பெரியம்மா, செத்துப்போன தன் அம்மாவோடு பேச ஆரம்பித்தார். மூளை போய்விட்டது என்று அழுதோம். ஆபரேஷனுக்குப் பின் முதியவர்களுக்கு அடிக்கடி வரும் தற்காலிகக் குழப்பம் அது. வலி, மலச்சிக்கல், தொற்று, தூக்கமின்மை என்று காரணத்தைத் தேட டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு, பந்து மாற்றியவர்கள் தரையில் சம்மணம் போடுவது, தாழ்வான ஸ்டூலில் உட்காருவது, இந்தியன் டாய்லெட் ஆகியவற்றை டாக்டர் சொல்லும்வரை தவிர்க்க வேண்டும். மடங்கும்போது பந்து நழுவலாம். ராடு வைத்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

எங்கள் கடைசித் தவறு டிஸ்சார்ஜ் அன்று நடந்தது. சும்மா நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு உடைகிறது என்றால் எலும்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட்டை இடுப்பு முறிவு ஆபரேஷன் முடிந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. 2007-லேயே வெளியான ஆய்வு இது. சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

பெரியம்மா வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறி, தானே காபி போட்டுக் குடிக்கிற அளவுக்குத் தேறினார். கால்மிதியை எடுத்துவிட்டோம், பாத்ரூமில் கைப்பிடி வைத்தோம், ராத்திரி விளக்கு போட்டோம். ஒன்றே முக்கால் வருடம் கழித்து, பட்டப்பகலில், துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது விழுந்தார். இந்த முறை இடது பக்கம். பாதம் திரும்பியிருப்பதைப் பார்த்ததும் தைலத்தைத் தேடாமல் 108-க்குப் போன் போட்டோம்.