மலையூரில் கைவிடப்பட்ட சிக்லிட் மீனை மீட்பதும் இனங்காண்பதும்

நீலகிரியில் வீட்டைக் காலிசெய்பவர்கள் மீன்தொட்டியை அப்படியே விட்டுச்செல்வதுண்டு. பாசி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால், நிறம் கறுத்து, அடியில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மீன் ஒன்று, ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் போன்றவை அடங்கிய சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது, உங்கள் பொறுப்பில் வந்தால், தொட்டியை உடனே கழுவிவிடத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீரில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்நிலையில் மீனின் கழிவு பெரும்பாலும் நச்சுக் குறைந்த அம்மோனியமாகவே தங்கியிருக்கும். புதுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் பிஎச் அளவு (அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் எண்) ஏறி, அது கொடிய அம்மோனியாவாக மாறிவிடும். பிஎச் 1 ஏறினாலே அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். இத்தனை நாள் தாக்குப்பிடித்த உயிர், சுத்தம்செய்த அன்றே போய்விடுவது இதனால்தான்.

எனவே முதல் வேலை காற்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீரில் கரையும் ஆக்சிஜன், அதே வெப்பநிலையில் சமவெளியில் கரைவதைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. தண்ணீர் சூடாகும்போது அது இன்னும் குறையும் என்பதால், காற்று பம்பை ஓடவிட்ட பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். நாளொன்றுக்கு 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுவாருங்கள். ஹீட்டரின் திறன் லிட்டருக்கு 1 வாட் என்ற சமவெளிக் கணக்கு ஊட்டியின் மார்கழிக் குளிருக்குப் போதாது. 2 வாட் வைப்பதே நல்லது. தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் தெர்மாகோல் ஒட்டினால், கரண்ட் போனாலும் சூடு மெதுவாகத்தான் இறங்கும்.

தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் அடிக்கசடோடு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் நீக்கி அதே சூட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். முதல் இரண்டு நாள் இரை வேண்டாம்.

பசி திரும்பி, நிறம் தெளிந்த பிறகே இனம் காண முயலுங்கள். மிரண்டிருக்கும் மீனின் நிறத்தை நம்பக் கூடாது. பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு மூக்குத்துளைகள் இருக்கும், சிக்லிட்டுக்கு ஒன்றுதான். உடலின் பக்கத்தில் செதில்கள்மேல் நீளவாக்கில் ஓடும் மெல்லிய பக்கவாட்டுக் கோடும் பின்பாதியில் அறுந்து, சற்றுக் கீழிறங்கித் தொடரும். பிறகு, வயிற்றின் பின்புறம் மலத்துளையை அடுத்துள்ள துடுப்பின் முட்களை எண்ணுங்கள். 3 என்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்க இனம் அல்லது ஆஸ்கர் போன்ற தென்னமெரிக்க இனம். முதுகுத் துடுப்பின் அடிப்பகுதி செதில் மூடித் தடித்திருந்து, வாலடியில் செம்மஞ்சள் வளையமிட்ட கரும்புள்ளியும் இருந்தால் அது ஆஸ்கர்தான். முட்கள் கூடுதலாக இருந்து, உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடினால், நடு அமெரிக்காவின் கன்விக்ட் சிக்லிட்டாக இருக்கலாம். நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் மனிதர் உருவாக்கிய கலப்பினம் என்பதால், அதற்கு இயற்கையில் தாயகம் தேட வேண்டியதில்லை.

இனம் தெரிந்தால்தான் அதற்கேற்ற தண்ணீரைத் தர முடியும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனுக்குப் பிஎச் 8-ஐ ஒட்டிய கடினநீர் வேண்டும். மலையின் மென்னீர் அதற்கு ஒத்துவராது, ஃபில்டருக்குள் சிப்பி ஓட்டுத் துண்டுகளை ஒரு வலைப்பையில் போட்டு வைக்க வேண்டியிருக்கும். ஆஸ்கருக்கு இந்த மென்னீரே போதும். ஆனால் அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், 300 லிட்டராவது கொள்ளும் தொட்டி கேட்கும்.

அவ்வளவு இடம் இல்லையென்றாலும், மீனை ஏரியிலோ ஓடையிலோ விடவே கூடாது. குளிர் அதைக் கொல்லும். தப்பிப் பிழைத்தாலோ, மாயாறு, பவானி என்று கீழிறங்கி அங்குள்ள மீன்களின் வாழ்விடத்தைப் பறிக்கும். சமவெளியில் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. முந்தைய நாள் இரையை நிறுத்தி, காற்றடைத்த பையில் மீனைவிட்டு, அந்தப் பையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.