ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு ஜெபக்குழு: தொடங்குவது எப்படி?

கோயிலில் ஒரே வரிசையில் பத்து வருஷமாக நம்மோடு உட்காருகிறவர் வீட்டில் என்ன பாரம் என்று பல நேரம் நமக்குத் தெரிவதில்லை. அதற்காகத்தான் எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபக்குழு தொடங்கினோம். ஆறு மாதத்துக்குள் இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. காரணம் புரிந்து, சரிசெய்த பிறகு இதை எழுதுகிறேன். பாட்டு, ஜெபம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

படி 1: ஆட்கள்

நடந்து போகிற தூரத்தில் ஐந்து, ஆறு வீடுகள் போதும். கூட்டம் பெருகினால் பேசுகிறவர்களே பேசுவார்கள். சபைப் போதகரான ஐயரிடம் முதலிலேயே சொல்லி ஜெபித்துத் தொடங்குங்கள்.

படி 2: நேரமும் காப்பியும்

ஏழு மணிக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடித்துவிடுங்கள். ஒரு கீர்த்தனை, சின்ன வேதபகுதி. மீதி நேரமெல்லாம் ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்பதற்கு. பலகாரம் வேண்டவே வேண்டாம், கட்டங்காப்பி மட்டும். எங்களுக்கு முதல் வாரம் கேசரி வந்தது, அடுத்த வீட்டில் வடையும் சேர்ந்தது. ஐந்தாவது வாரம், "எங்க வீட்டுல இந்த மாசம் முடியாது" என்று ஓர் அக்கா ஒதுங்கிக்கொண்டார்கள்.

படி 3: தேற்றுவது

நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஒரு நாள் ஓர் அண்ணன், வேலை போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் ஒருவர், "விசுவாசத்துல தளரக் கூடாது" என்றார். நான் அவசரமாக, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28-ஐ எடுத்து வாசித்தேன். அண்ணன் ஒரு வாய்கூடக் குடிக்காத காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரவில்லை.

எபிரெயர் 10:25-இல் "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று வாசித்து வளர்ந்தவர்கள் நாம். நம் பேச்சில் புத்தி சொல்வது என்றால் பெரியவர் சின்னவரைத் திருத்துவது. 1 தெசலோனிக்கேயர் 5:11-இல் "ஒருவரையொருவர் தேற்றி" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான்: பாரகலேயோ. பக்கத்தில் வரும்படி அழைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். யோவான் 14:16-இல் பரிசுத்த ஆவியானவருக்கு வரும் தேற்றரவாளன் என்ற பெயரும் அதே வேரிலிருந்து பிறந்தது. இது தெரிந்த அன்று எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அந்தச் சொல்லுக்குள் புத்தி சொல்வதும் அடக்கம்தான். ஆனால் முதலில் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது இது. ஒருவர் பேசி முடித்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேசுவதில்லை. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள். அப்புறம் ஒருவர் மட்டும் கேட்பார்: "இப்ப ஜெபிக்கட்டுமா, யோசனை ஏதும் வேணுமா, இல்ல கேட்டுக்கிட்டு இருந்தா போதுமா?" பதில் எதுவோ, அதை மட்டும் செய்கிறோம். "ஆண்டவரே, இவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடும்" என்று ஜெபத்துக்குள் வைத்துப் புத்தி சொல்வதையும் நிறுத்திவிட்டோம்.

அந்த அண்ணன் வீட்டுக்கு இரண்டு பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது வருகிறார்.

படி 4: நோட்டு

ஜெபக்குறிப்புகளை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒரு ஃபார்வர்டு போதும், வீட்டு ரகசியம் தெருவுக்கு வந்துவிடும். குரூப்பில் நேரமும் வீடும் மட்டும் இருக்கட்டும். நான் சொல்வது சாதாரண கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் தேதியும் குறிப்பும், வலது பக்கம் காலி. பதில் கிடைக்கும்போது வலது பக்கம் எழுதுகிறோம். சில பக்கங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்காகவும் வாராவாரம் ஜெபிக்கிறோம்.

படி 5: இரண்டு நாள் கழித்து

யாராவது ஒருவர் போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். கோயில் வாசலில், நாலு பேர் நடுவில் மட்டும் அந்த விஷயத்தைக் கேட்காதீர்கள்.

பிற்சேர்க்கை

"மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மனசில் உள்ளதை எப்படிச் சொல்வேன்?" என்று ஒரு சகோதரி கமெண்டில் கேட்டிருந்தார்கள். நான் யோசிக்காத விஷயம். இப்போது கடைசிக் கால்மணி நேரம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஜெபிக்கிறோம், ஒரே வீட்டார் ஒன்றாகச் சேராமல். முதல் நாளே ஓர் அக்கா மனம்விட்டு அழுதார்கள்.

நைட் ஷிப்ட் போகிறவர்கள் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அவர்களுக்காக மாதத்தில் ஒரு கூட்டத்தை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றியிருக்கிறோம். இந்த மாதம்தான் தொடங்கினோம். இரண்டு மூன்று தடவை நடந்த பிறகு எழுதுகிறேன்.